முட்டை பொரியுமுன் குஞ்சை எண்ணலாமா?
(ஒரு பழமொழித் திறனாய்வு)

கவிதைக்குத் திறனாய்வு உண்டு; நாவலுக்குத் திறனாய்வு உண்டு; மேடை நாடகத்திற்கும் உண்டு. நாள்தோறும் நம் நாவில் புரளும் பழமொழிக்கு மட்டும் திறனாய்வு செய்வார் அரியர். அது பாட்டன் சொன்னது, பாட்டி சொன்னது. ஆதலின் அதனை ஆராய வேண்டுவதில்லை என்று விட்டுவிடுகிறோம். ஆயினும் ஒரு குடும்பத்தின் முடிவுகளை மாற்றும் ஆற்றல், நூறு பாடல்களைக் காட்டிலும் ஒரு பழமொழிக்கு மிகுதி. வீட்டில் மூத்தவர் ஒருவர் உரிய நேரத்தில் ஒரு பழமொழியை எடுத்து வீசினால், பேச்சு அத்துடன் முடிந்துபோகிறது. இத்தகைய ஆற்றலுடைய சொல்லை ஆராயாது ஏற்பது முறையாகுமா?

நம் கோலார் தங்கவயலில் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் தவறாது கற்கும் பழமொழி ஒன்று உண்டு. 'முட்டை பொரியுமுன் குஞ்சுகளை எண்ணாதே' என்பது அதன் நேர்மொழிபெயர்ப்பு. கைக்கு வாராத ஒன்றை வந்ததாகக் கொண்டு திட்டமிடுவது தவறு என்பது அதற்கு ஆசிரியர் தரும் பொருள். மாணவர் அதனைப் பத்து வரியில் விரித்து எழுதி மதிப்பெண் பெறுவர். அப்பொருள் முழுமையானதா, அப்பழமொழியை நாம் இடமறிந்து பயன்படுத்துகிறோமா என்பனவே இக்கட்டுரையில் நாம் காண விரும்புவன.

நான்கு மொழி, நான்கு உவமை

தங்கவயலில் வாழ்வோர்க்கு ஒரு நற்பேறு உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் என்னும் நான்கு மொழிகளும் ஒரே தெருவில் கேட்கும். ஆதலின் இப்பழமொழிக்கு இணையானவற்றைத் தேட நாம் நூலகம் செல்ல வேண்டுவதில்லை. அடுத்த வீட்டுத் திண்ணையே போதும்.

கன்னடர் 'கூசு ஹுட்டுவ முஞ்சே குலாவி' என்பர். குழந்தை பிறக்குமுன்பே அதற்குக் குல்லாய் தைத்துவிட்டார்கள் என்பது பொருள். தெலுங்கர் 'ஆலு லேது, சூலு லேது, கொடுகு பேரு சோமலிங்கம்' என்று நகைப்பர். மனைவியும் இல்லை, அவளுக்குச் சூலும் இல்லை, மகனுக்கு மட்டும் சோமலிங்கம் என்று பெயர் வைத்தாயிற்று என்பது பொருள். தமிழர் நாமோ 'எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசுவதா?' என்று கேட்போம்.

இந்நான்கையும் ஒரே பொருளுடையன என்று எழுதிவிடுவது எளிது. ஊன்றி நோக்கின் வேறுபாடு விளங்கும். ஆங்கிலப் பழமொழியில் முட்டை இருக்கிறது. கோழியும் அடை காக்கிறது. எத்தனை பொரியும் என்பதே ஐயம். அங்கே குற்றம் எண்ணிக்கையில் மட்டுமே. கன்னடப் பழமொழியில் கரு இருக்கிறது. தைப்பவள் அன்புடைய தாயாகவோ பாட்டியாகவோ இருத்தல் கூடும். அங்கே காணப்படுவது பேராசையன்று, அன்பின் அவசரம். பிறப்பிலேயே குழந்தைகளை இழந்து தவித்த காலத்தின் அச்சமும் அதனுள் மறைந்துள்ளது எனலாம். தெலுங்குப் பழமொழியில் எதுவுமே இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. ஆகவே அது முழு ஏளனம். தமிழ்ப் பழமொழியிலோ மூன்றாம் ஆள் ஒருவன் வந்து நிற்கிறான். விலை பேச வேண்டுமாயின் வாங்குவோன் வேண்டும் அன்றோ? இல்லாத நெய்யை நம்பி அவனுக்கு வாக்குக் கொடுக்கிறோம். இங்கே குற்றம் நம்மோடு நில்லாமல் பிறரையும் பற்றுகிறது.

ஆக, நான்கும் நான்கு குற்றங்கள்: மிகைக் கணக்கு, முந்திய அன்பு, வெறுங்கனவு, பொருளின்றித் தந்த வாக்கு. ஒன்றைக் கண்டிக்கும் சொல்லால் மற்றொன்றைக் கண்டிப்பது நீதியாகாது. குல்லாய் தைக்கும் பாட்டியிடம் சோமலிங்கத்தைப் பற்றிப் பேசுவது கொடுமை; கடன்மேல் கடன் வாங்கி வாக்களிப்பவனிடம் குஞ்சுக் கணக்கு மட்டும் பேசுவது போதாமை.

இணையெனத் தவறாகக் காட்டப்படுவனவும் சில உண்டு. 'வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாற்போல' என்பதை இதற்கு நிகராகச் சிலர் எழுதுவர். அது பொருந்தாது. அங்கே கடைந்தவள் எதையும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை. உழைத்தாள், பயன் கைகூடும் வேளையில் இழந்தாள். அது இரங்கத்தக்க நிலை. 'கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா?' என்பதும் இதனின் வேறு. அது ஆற்றலைப் பற்றியது, காலத்தைப் பற்றியதன்று.

கதை சென்று வந்த வழி

இப்பழமொழி ஆங்கிலத்தில் மிகப் பழையது. 1570-இல் வெளிவந்த தாமஸ் ஹவல் என்பாரின் செய்யுள் நூலிலேயே அது இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தில் பால்காரப் பெண் ஒருத்தியின் கதையோடு அது இணைக்கப்பட்டது. தலையில் பால்குடம் சுமந்து செல்பவள், பாலை விற்று முட்டை வாங்கி, குஞ்சு பொரித்து, கோழி விற்று, புத்தாடை அணிந்து, தன்னை நாடி வரும் இளைஞரைத் தலையசைத்து மறுப்பதாக எண்ணி, அவ்வெண்ணத்திலேயே தலையை அசைக்கிறாள், குடம் வீழ்கிறது.

இக்கதையின் பிறப்பிடத்தை ஆராய்ந்தவர் மாக்ஸ் முல்லர். 1870-இல் இலண்டனில் ஆற்றிய 'கதைகளின் குடிபெயர்ச்சி' என்னும் சொற்பொழிவில், பால்காரியின் மூதாதை நம் பஞ்சதந்திரத்தில் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா என்பவரால் அரபு மொழி புகுந்து, பின் ஐரோப்பிய மொழிகளில் பரவி, 1678-இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனின் கையில் அக்கதை புது வடிவம் பெற்றது. தமிழ் உரைநடையில் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளை 1826-இல் தந்தார். ஊர்விட்டு ஊர் வந்து, உடை மாற்றி, மொழி மாற்றி வாழும் நம்மைப் போலவே இக்கதையும் ஒரு குடிபெயர்ந்த குடும்பம் எனலாம்.

மூலக் கதையில் வருபவன் ஏழைப் பார்ப்பான். பிச்சையாகப் பெற்ற மாவைக் குடத்தில் நிரப்பிக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டுப் படுத்திருக்கிறான். பஞ்சம் வந்தால் மாவு நல்ல விலை போகும், ஆடு வாங்கலாம், ஆட்டிலிருந்து மாடு, எருமை, குதிரை, பொன், மாளிகை, பின் திருமணம், பின் சோமசர்மன் என்னும் மகன். மகனைக் கவனியாத மனைவியை உதைப்பதாக நினைத்துக் காலை வீசுகிறான். குடம் உடைந்து மாவு அவன் உடலெங்கும் கொட்டுகிறது. நம் எருமையும், தெலுங்கரின் சோமலிங்கத்தை நினைவூட்டும் பெயரும் அக்கதையில் ஒருங்கே இருத்தல் சுவையானது.

இக்கதையில் இரண்டு நுட்பங்கள் கவனிக்கத்தக்கன. முதலாவது, அவன் கணக்கின் முதற்படியே பஞ்சம். ஊரார் பசித்தால்தான் அவன் மாவுக்கு விலை. பிறர் துன்பத்தை மூலதனமாகக் கொண்ட கணக்கு அது. இரண்டாவது, குடம் எப்போது உடைந்தது? ஆட்டை நினைத்தபோது உடையவில்லை. பொன்னை நினைத்தபோது உடையவில்லை. மகனுக்குப் பெயர் வைத்தபோதும் உடையவில்லை. காலை வீசியபோதுதான் உடைந்தது. பால்காரியும் அவ்வாறே; நினைவால் கெடவில்லை, தலையசைப்பால் கெட்டாள். வாராத நாளை வந்த நாளாகக் கொண்டு உடல் செயற்பட்டதே இருவர்க்கும் நேர்ந்த கேடு. கதை சொன்ன பழம்பெரும் ஆசிரியன் நினைப்பைத் தண்டிக்கவில்லை, உதையைத் தண்டித்தான். பள்ளிக்கூட விரிவுரையில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

எண் என்னும் சொல்

மொழிபெயர்ப்பில் நிகழ்ந்த ஓர் இடரையும் ஈண்டுச் சுட்டல் வேண்டும். 'குஞ்சுகளை எண்ணாதே' என்கிறோம். ஆங்கிலச் சொல் கணக்கிடுதலை மட்டுமே குறிக்கும். தமிழில் 'எண்ணுதல்' கணக்கிடுதலையும் குறிக்கும், நினைத்தலையும் குறிக்கும். எண்ணிக்கையும் எண்ணமும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆகவே ஆங்கிலத்தில் 'கணக்கு வைக்காதே' என்றிருந்தது, தமிழில் 'நினைக்கவே நினைக்காதே' என்று ஒலிக்கும் தீங்கு நேர்ந்துவிட்டது. நம் வீடுகளில் இப்பழமொழி வழங்கும் முறையைக் கவனித்தால் இது புலப்படும். மேற்படிப்பைப் பற்றிப் பேசும் மகளிடமும், வேறு தொழில் தொடங்க விரும்பும் மகனிடமும் இதனைக் கூறி வாயடைக்கிறோம். அவர்கள் குஞ்சை எண்ணவில்லை. முட்டையை அடை வைப்பதெப்படி என்று எண்ணுகிறார்கள்.

திருக்குறள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்துள்ளது. 'தெரிந்துசெயல்வகை' என்னும் 47-ஆம் அதிகாரம் முழுவதும் முன்கூட்டி எண்ணுதலின் இன்றியமையாமையைப் பேசுகிறது. இழப்பையும் வரவையும் அதன்பின் விளையும் பயனையும் சீர்தூக்கிச் செயலில் இறங்குமாறு அது பணிக்கிறது. அதே அதிகாரத்தில், வரப்போகும் ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்ற கருத்தும் உள்ளது. ஆங்கிலப் பழமொழியைக் காட்டிலும் இது கூர்மையானது. எதிர்காலத்தை நினையாதே என்று வள்ளுவர் தடுக்கவில்லை. கைம்முதலைப் பார் என்கிறார். ஒருவன் குஞ்சை எண்ணுகிறானா, வழியை எண்ணுகிறானா என்பதை அறிய இதனினும் சிறந்த உரைகல் இல்லை.

பொன்னைத் தேடியவர் கணக்கு

இவ்வுரைகல்லில் நம் ஊர் வரலாற்றையே உரைத்துப் பார்ப்போம். 1880-ஐ ஒட்டி, இன்று நீலகிரி மாவட்டத்திலுள்ள பந்தலூர், தேவாலா பகுதிகளில் பொன் உண்டு என்ற செய்தி இலண்டனை எட்டியது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பிரௌ ஸ்மித் என்னும் நிலவியலாளரின் அறிக்கை அவ்வாசைக்கு எண்ணெய் வார்த்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தோன்றின. பல இலட்சம் பவுன் பணம் திரண்டது. எந்திரங்கள் மலையேறின, மாளிகைகள் எழுந்தன. பொன் மட்டும் போதிய அளவு கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் அனைத்தும் அடங்கின. முட்டையே ஐயத்திற்குரியதாய் இருக்கையில் குஞ்சுக்குக் கூண்டு கட்டிய கதை அது.

கோலாரிலும் தொடக்கம் அத்தகையதே. லவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் 1870-களில் மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். பின்னர் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றனர். 1883-க்குள் மைசூர் நிறுவனத்தின் பணம் பெரும்பாலும் கரைந்தது. கைவிட்டுவிடலாம் என்ற குரலும் எழுந்தது. பிளம்மர் என்னும் சுரங்க வல்லுநர் முன்னோர் தோண்டிய பழங்குழிகளைப் பின்பற்றி மேலும் ஆழச் சென்றபோது சாம்பியன் பொற்படிவு வெளிப்பட்டது. பந்தலூரார் பொன்னை எண்ணினர். பிளம்மர் பழங்குழியின் தடயத்தை எண்ணினார்.

நெய்விலை முன்பே பேசி வெற்றி கண்ட செய்தியும் நம் ஊரிலேயே உண்டு. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. அம்மின்நிலையம் எழுமுன்பே, மின்சாரத்தை இன்ன விலைக்கு வாங்குவோம் என்று சுரங்க நிறுவனங்கள் மைசூர் அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டன. பழமொழிப்படி பார்த்தால் எருமை வாங்குமுன் பேசிய நெய்விலையே அது. ஆயினும் அருவியின் வீழ்ச்சியும் நீரின் அளவும் ஆராயப்பட்டிருந்தன. வாங்குவோரின் தேவையும் உறுதியாயிருந்தது. முன்கூட்டிப் பேசுதல் தானே குற்றமாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

யார் யாருக்குச் சொல்வது?

இனி, இப்பழமொழியைச் சொல்லும் உரிமை யாருக்கு என்னும் வினா எழுகிறது. நம் முன்னோர் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்தும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களிலிருந்தும் இங்கு வந்தனர். மழை பொய்த்த நிலமும், சாதிக் கொடுமையும், கடன் சுமையும் அவர்களை விரட்டின. ஒப்பந்தக்காரர் தந்த முன்பணத்தைப் பெற்றே பலர் வந்தனர். முன்பணம் என்பது யாது? இனிமேல் உழைக்கப்போகும் உழைப்பின் விலை. அதாவது, பொரியாத முட்டையை அடகு பிடித்துக்கொண்டு, 'குஞ்சை எண்ணாதே' என்று அறிவுரை கூறும் ஏற்பாடு அது. கணக்கைப் பிறர் எழுதினர். கனவு காணாதே என்ற சொல் மட்டும் நமக்கு வந்தது.

சுரங்கத்தில் இறங்கியவர்க்கு அப்பழமொழி வேறொரு வகையில் மெய்யாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கண்டது. பாறை வெடிப்பு எந்நேரம் நிகழும் என்று யாரும் கூறவியலாது. காலையில் இறங்கியவர் மாலையில் ஏறுவார் என்பதே பொரியாத முட்டை. எனினும் அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். இரவுப் பள்ளிகளும் நூல்நிலையங்களும் கண்டனர். நாளை உறுதியில்லாதவர் நாளைக்காகச் செய்த செயல்கள் அவை. வெறும் எண்ணிக்கையாய் இருந்திருந்தால் அவை நிலைத்திரா. எண்ணமாய் இருந்தமையால் நாம் இன்று படித்து எழுதுகிறோம்.

இன்றைய முட்டை

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி இறுதியோடு பணியை நிறுத்தியது. தொடக்கத்தில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் பொன் தந்த பாறை, இறுதியில் சில கிராம்களே தந்தது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் தந்த சுரங்கம் மூடியபோது 3,000-க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தனர். அன்று முதல் 'சுரங்கம் மீண்டும் திறக்கும்' என்ற பேச்சு நம் லைன் வீடுகளில் ஓயவில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய ஏலத்திற்கு வழிவிட்டபோது அது உரத்து ஒலித்தது. 2024 ஜூனில், தங்கவயலின் 13 கழிவு மேடுகளில் மேற்பரப்புச் சுரங்கப் பணிக்குக் கர்நாடக அமைச்சரவை இசைந்தபோது மீண்டும் ஒலித்தது.

இந்நம்பிக்கையை எவ்வாறு மதிப்பிடுவது? நான்கு மொழிப் பழமொழிகளும் இங்கே நமக்குக் கைகொடுக்கும். சயனைடு மேடுகள் கண்முன் உள்ளன. அவற்றில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவேனும் பொன் உண்டு. ஆகவே அது முட்டை. எத்தனை குஞ்சு என்பதே ஐயம். எந்திரங்களால் மேட்டை வாரிச் சலிக்கும் பணி, ஒரு காலத்தில் பல்லாயிரவர்க்குச் சோறிட்ட ஆழ்சுரங்கப் பணிக்கு ஈடாகும் என்று கணக்கிடுவது மிகைக் கணக்கு. நீர் நிறைந்து கிடக்கும் ஆழ்குழிகள் பழையபடி இயங்கும் என்று நாள் குறிப்பது, இன்றைய நிலையில் சோமலிங்கத்திற்குப் பெயர் வைப்பதே. தேர்தல்தோறும் வேலை தருவதாக வாக்களிப்போர் பேசுவது நெய்விலை. ஓய்வுபெற்ற முதியவர் தம் பேரனுக்காகச் சுரங்கத்தை நம்பிக் காத்திருப்பதோ, குல்லாய் தைக்கும் அன்பு. அதனை நாம் நகையாடுதல் ஆகாது.

இளைஞர் வகையில் மட்டும் வள்ளுவரின் உரைகல்லைக் கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டும். அவர்களது கைம்முதல் வயது. சுரங்கம் திறக்கும் என்று நம்பிக் கல்வியையோ தொழிற்பயிற்சியையோ தள்ளிப்போடுபவன், வரும் ஆதாயத்திற்காக இருக்கும் முதலை இழக்கிறான். அவன் கால் குடத்தை நோக்கி எழுந்துவிட்டது என்றே கொள்ளலாம். மாறாக, விடியற்காலையில் மாரிகுப்பத்திலும் உரிகத்திலும் இரயிலேறிப் பெங்களூரு சென்று உழைத்து இரவில் திரும்புபவன், சுரங்கம் திறக்குமானால் மகிழலாம் என்று நினைப்பதில் பிழையொன்றும் இல்லை. அவன் நினைவு எந்தக் குடத்தையும் உடைக்கவில்லை.

முடிவாக நாம் கூறுவது இதுவே. 'முட்டை பொரியுமுன் குஞ்சுகளை எண்ணாதே' என்னும் பழமொழி பொய்யன்று. ஆயின் அது பாதி வாக்கியம். முட்டையை எண்ணிப் பார்க்காதவன், அடை வைக்கும் நாளை எண்ணிப் பார்க்காதவன், பொரித்தபின் குஞ்சுக்கு இரை எங்கே என்று எண்ணிப் பார்க்காதவன் ஒருநாளும் கோழி வளர்க்கப் போவதில்லை. அடுத்த முறை நம் பிள்ளைகள் தம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது, பழமொழியை எடுத்து வீசுமுன் ஒரு வினாவைக் கேட்போம்: 'இதற்காக இன்று கையிலுள்ள எதை இழக்கப் போகிறாய்?' விடை சரியாக இருப்பின், உடனமர்ந்து அவர்களோடு எண்ணுவோம். எண்ணம் முன்னே செல்லட்டும். எண்ணிக்கை பின்னே வரட்டும்.